போன் இல்லாத நாளில் எங்கே சந்திப்போம்?

மானிப்பாயில் கணிதம் படிப்பித்த காலம் முழுவதும் நிகழ்தகவுப் பாடத்தை ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன். நல்லூர்த் தேருக்கு உன் கூட்டாளியோடு போகிறாய். சன நெரிசலில் இருவரும் பிரிந்துவிட்டீர்கள். கையில் போன் இல்லை. பிரிந்தால் எங்கே நிற்பது என்று முன்கூட்டிக் கதைத்து வைக்கவும் இல்லை. நீ எங்கே போய் நிற்பாய்? பக்கத்துப் பிள்ளையோடு கதைக்காமல் ஒரு துண்டில் எழுதித் தா.

துண்டுகளைப் பிரித்து வாசிக்க, வகுப்பு கலகலக்கும். பாதிக்கு மேல் "றியோவடி" என்றே இருக்கும். கோயிலுக்குப் போன பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடிக்கப் போகிற கடை அது. மற்றத் துண்டுகளில் சைக்கிள் விட்ட இடம், செருப்புக் கழற்றிய இடம், மணிக்கூட்டுக் கோபுரம் என்று வரும். பெற்றோர் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட றியோ என்று சொன்னதாக நினைவில்லை. தேர்முட்டி என்பார்கள், இல்லாவிட்டால் முன்வாசல் என்பார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் தொலைந்தால் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கும் அப்படியே. தாயும் மகனும் பிரிந்தால்தான் சங்கடம். தாய் தேர்முட்டியில் நிற்பா, மகன் ஐஸ்கிறீம் கடை வாசலில் நிற்பான். இருவரும் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள், ஆனால் மற்றவருடைய தலைக்குள் போய் யோசிக்கவில்லை.

கேள்வியின் மூலம் அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெலிங். 1960 இல் வெளியான தம் நூலில், நியூயோர்க் நகரில் ஒருவரைச் சந்திக்க வேண்டும், இடமும் தெரியாது நேரமும் தெரியாது, அவரோடு கதைக்கவும் வழியில்லை, என்ன செய்வாய் என்று சிலரிடம் கேட்டதை அவர் எழுதியிருக்கிறார். பெரும்பான்மையானோர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தகவல் கூடத்தைச் சொன்னார்கள். நேரம் என்று வந்தபோது ஏறக்குறைய எல்லோருமே நண்பகல் 12 மணியைச் சொன்னார்கள். அத்தனை பெரிய நகரத்தில் ஒரே இடமும் ஒரே மணியும்! 2005 இல் றொபேர்ட் ஓமனோடு சேர்த்து ஷெலிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு விவரம் உண்டு. அவர் கேட்ட ஆட்கள் நியூ ஹேவன் ஊர்க்காரர். அந்த ஊரிலிருந்து நியூயோர்க்குக்கு ரயிலில் போகிறவர் இறங்குகிற நிலையம் கிராண்ட் சென்ட்ரல். வேறு திசையிலிருந்து வருகிறவர்களிடம் கேட்டிருந்தால் விடை வேறாக வந்திருக்கலாம்.

எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது இந்த விவரம்தான். கதைக்காமலே ஒத்துப்போவதற்குக் கெட்டித்தனம் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கெட்டித்தனம் சொற்பம்தான் வேண்டும். மற்றவருக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர் எதை நினைப்பார் என்பது பற்றிச் சேர்த்துவைத்த அறிவுதான் அதிகம் வேண்டும். எங்கள் ஊர்களில் அந்தச் சேமிப்பு வேகமாகக் கரைகிறது. அதை வேண்டுமென்றே, திட்டம் போட்டு, திரும்பக் கட்ட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு, எங்கே சந்திப்போம் என்ற கேள்வி வாழ்க்கையாகவே வந்தது. ஒக்டோபர் 17 இல் தொடங்கிய 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுப்பகுதியை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்துப் போயின. ஐந்து இலட்சம் வரையான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் திரும்பியது. போவதற்கு இருந்தவை செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம், கோப்பாய் வழியாகக் கைதடி, இந்த இரண்டு பாதைகளும்தான். மழை வேறு.

மானிப்பாயிலிருந்து நாங்கள் செம்மணி வழியாகப் போனோம். அப்பாவின் சைக்கிளில் அரிசியும் சட்டி பானையும். அம்மா அதைப் பிடித்தபடி கூட நடந்தா. நானும் தங்கச்சியும் மற்றச் சைக்கிளை உருட்டினோம். அண்ணா அப்பம்மாவைக் கரியரில் இருத்திப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். செம்மணி வெளியில் சனம் அசையவில்லை. அரை மணித்தியாலம் நிற்பது, பத்தடி நகர்வது, பிறகும் நிற்பது. லாம்பு அணைந்த இருட்டில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. அது விலகியபோது எங்களோடு எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். அந்த வெளி முழுவதும் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விடிய நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒரு வீடு இருந்திருந்தால் யோசிக்கத் தேவையே இருந்திராது, எல்லோரும் அந்தப் படலையில் போய் நின்றிருப்போம். பாலத்தடியில் நிற்கலாம் என்றால் பின்னால் வரும் சனம் தள்ளிக்கொண்டே இருந்தது.

"அப்பா ஏதாவது பிள்ளையார் கோயிலிலைதான் நிப்பார்" என்றேன். எங்கள் ஊர் மருதடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஒரு காரியத்துக்கும் இறங்காதவர் அவர். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அது அப்பான்ரை இடம் அக்கா. இஞ்சை ஒரு கோயிலும் எங்களுக்குத் தெரியாது எண்டு அப்பாவுக்குத் தெரியும்தானே. நாங்கள் வந்து பாத்த இடம் சாவகச்சேரிச் சந்தை ஒண்டுதான்." மாம்பழக் காலத்திலும் பலாப்பழக் காலத்திலும் அப்பா எங்களை அந்தச் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நேரத்தையும் அவளே தீர்மானித்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்பிள்ளைகள் வெளியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த நேரம் வந்தால் அப்பாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது, தேடி வருவார் என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஷெலிங்கின் பெயரை நானே அதன்பிறகு பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

பின்னேரம் சந்தை வாசலில் நின்றோம். பொழுது படும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

அப்பா சொன்னதை இன்னும் சொல்லிக் காட்டுவேன். நான் நினைத்தபடியே அவர் காலையில் கைதடிப் பக்கம் வீதியோரத்தில் ஒரு பிள்ளையார் கோயிலில்தான் போய் நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டு யோசனை வந்ததாம். பிள்ளைகளுக்கு இந்தக் கோயில் தெரியாதே என்பது ஒன்று. மற்றது நவாலி. மானிப்பாய்க்குப் பக்கத்து ஊரான நவாலியில், அந்த வருடம் ஜூலை 9 ஆம் திகதி, சனம் தஞ்சம் புகுந்திருந்த புனித பேதுரு தேவாலயத்தின் மீதும் சுற்றாடலிலும் விமானப்படையின் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வழிபாட்டிடங்களில் போய் இருங்கள் என்று அரசு அறிவித்ததை நம்பித்தான் அங்கே கூடினார்கள் என்று ஊர்ச் சனம் இன்றும் சொல்கிறது. அது நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. "நவாலிக்குப் பிறகு பிள்ளையள் கோயிலுக்குக் கிட்டப் போகப் பயப்பிடுவினம் எண்டு நினைச்சன்" என்றார் அப்பா. அவருக்குப் பயம் இருந்ததோ இல்லையோ, எங்களுக்கு இருக்கும் என்று அவர் கணக்கெடுத்தார். தமக்குப் பிடித்த இடத்தை விட்டுவிட்டு எங்கள் மனதில் நின்ற இடத்துக்கு வந்தார்.

அண்ணாவைக் கண்டுபிடிக்கச் சில நாள் எடுத்தது. அவர் அப்பம்மாவை ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருத்திவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றே அவர் மனம் சொன்னதாம். அங்கே இல்லை என்றதும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தார். நாங்களும் அவரைத் தேடி அலைந்தோம். அவர் போன இடத்துக்கு நாங்கள் பிந்திப் போனோம், நாங்கள் இருந்த இடத்துக்கு அவர் முந்தி வந்தார். கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் கண்டு சொல்லித்தான் சேர்ந்தோம். ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேரில், நிதானமாக யோசித்தவள் சந்தைக்குப் போனாள், பக்தியை வைத்து யோசித்த நான் கோயிலைச் சொன்னேன், பயந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே காலை இழுத்துக்கொண்டு போகிறது. மற்றவரின் மனநிலையும் அந்த நேரம் அதுவாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

இப்படி இருவர் ஒருவரையொருவர் தேடுவதைப் பற்றிக் கணிதத்தில் ஒரு தனித் துறையே உண்டு. ஸ்டீவ் அல்பேர்ன் 1976 இல் முன்வைத்த கேள்வியிலிருந்து அது வளர்ந்தது. அதில் மிக எளிய உத்தி, பிள்ளை நின்ற இடத்தில் நிற்க, தாய் தேடுவது. இருவரும் அலைந்தால் ஒருவரை ஒருவர் தவறவிட்டுக்கொண்டே இருக்கலாம், இருவரும் நின்றால் சந்திப்பே இல்லை. யார் நிற்பது, யார் தேடுவது என்ற ஒரே ஒரு தீர்மானம் முன்பே இருந்திருந்தால் அண்ணாவின் அலைச்சல் பெரும்பாலும் தவிர்ந்திருக்கும். அதைத் தீர்மானிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அமைதியாக இருக்கும் நாளில் அந்த ஐந்து நிமிடத்தை ஒருவரும் எடுப்பதில்லை.

ஒக்டோபர் 30 என்று எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. அதே திகதியில், அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990 இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லிக் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். ஒரு சமூகம் விளையாடிய, விழா எடுத்த மைதானம் அதைத் துரத்துவதற்கான இடமாயிற்று. எல்லோரும் அறிந்த பொது இடத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அன்புள்ளவர் தேடி வருவார் என்று நாம் நிற்கும் இடத்தை ஆயுதம் வைத்திருப்பவரும் அறிவார். நவாலியும் அதைத்தான் காட்டியது.

எல்லோருக்கும் தெரிந்த இடம் என்று சொல்லும்போது அந்த 'எல்லோர்' யார் என்றும் கேட்க வேண்டும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. அப்படி வாசலில் மறிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை, ஆபத்து நாளில் கோயில் வீதியில் போய் நிற்போம் என்று முதலில் நினைக்குமா? என் வகுப்பில் "கோயில் முன்வாசல்" என்று எழுதாமல் "றோட்டுச் சந்தி" என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலருடைய துண்டுகளை வாசிக்கும்போது மனம் கனத்தது. யார் நாங்கள் என்பதில் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு ஊர் ஒன்று சேர்ந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் ஆகாது, கணக்காகவும் பிழைக்கும்.

யுத்த காலத்தில் எங்களிடம் இருந்து இப்போது இல்லாமல் போன ஒன்று, ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டது. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ரெலிபோன் இல்லை. இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு பொடியன் மிதியைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றி நான்கு வீட்டுச் சனம் இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதா, சந்தைக்குப் போவதா என்பதைக் காலையில் ஒருவரும் ஒருவரையும் கேட்க மாட்டார்கள். சில நாள் சந்தை தானாகவே வெறிச்சோடிக் கிடக்கும், சில நாள் நிறையும். அந்தச் செய்தியை நான் கேட்டேன், அவரும் கேட்டார், அவர் கேட்டது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இந்த நான்காவது படிதான் முக்கியம். இன்றைக்கு அதைவிட எத்தனையோ மடங்கு செய்தி வருகிறது. ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு செய்தி, வேறு வேறு நேரத்தில். பக்கத்து வீட்டார் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

நேரம்கூட ஒருமுறை எங்களுக்குள் பிரிந்து போனது. தென்மராட்சியிலிருந்து ஊர் திரும்பிய சனம் வீடுகளைக் கூட்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்த 1996 மே 25 ஆம் திகதி, அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. எங்கள் கோயில்களிலும் பூசைக்குப் பழைய நேரம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பின், முகமாலையைத் தாண்டுகிறவர் மணிக்கூட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்னால், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாது. 2006 ஏப்ரல் 15 இல்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஒருவரை ஒருவர் எதிர்பார்ப்பதற்கு எவ்வளவு சின்ன விஷயங்கள் பொதுவாக இருக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பத்து வருடம் எனக்குக் காட்டியது.

மற்றவர் என்ன நினைப்பார் என்ற நினைப்பு எப்போதும் நன்மைக்கே போகும் என்று சொல்ல மாட்டேன். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களில் தாங்கியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தவர்களும் நின்றார்கள். எல்லோரும் நிரப்பிவிட்டால் நாளைக்கு எனக்கு இல்லை என்ற பயம். எல்லோருக்கும் அதே பயம் வந்ததால் அந்தப் பயம் உண்மையாகவே ஆயிற்று. ஓகஸ்டில் கியூஆர் முறை நாடெங்கும் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று வகுத்தபின் வரிசை சுருங்கியது. கப்பல் வந்ததும் ஒரு காரணம். அதோடு, பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தை நான் கணக்கெடுக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. என் பங்கு என் பெயரில் இருந்தது. விதி ஒன்று தெளிவாக, எல்லோரும் அறிய இருந்தால், அதே சனம் அமைதியாக நடந்துகொள்கிறது.

ஹர்த்தால் நாளில் கடைத் தெருவைப் பார்த்தாலும் இது விளங்கும். முதலாளி ஒற்றைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்க் கடையைப் பார்ப்பார். எதிர்க் கடைக்காரர் இவரைப் பார்ப்பார். 2025 ஓகஸ்டில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 15 ஆம் திகதி என்று ஹர்த்தாலை அறிவித்து, மடுத் திருவிழாவுக்காக 18 க்கு மாற்றியது. காரணம் நியாயமானது. ஆனால் திகதி ஒருமுறை நகர்ந்தால், அடுத்தவர் எந்தத் திகதியை நம்புவார், நம்பினாலும் பூட்டுவாரா என்ற கேள்வி முளைத்துவிடும். அன்று சில இடங்களில் கடைகள் பூட்டியும் சில இடங்களில் திறந்தும் இருந்தன. கோரிக்கையின் நியாயத்தைக் கடைக்காரர்கள் எடைபோட்டதைவிட ஒருவர் முகத்தை ஒருவர் எடைபோட்டதே அதிகம் என்பது என் எண்ணம். மக்களை ஒன்றாக நடக்கச் சொல்லுகிறவர்கள் ஒருமுறை, ஒரே குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்.

இப்போது பிள்ளைகளிடம் என் பழைய கேள்வியைக் கேட்டால், போன் இல்லை என்ற நிபந்தனையையே அவர்கள் ஏற்பதில்லை. "ரீச்சர், ஏன் இல்லை?" என்கிறார்கள். சந்திக்கும் இடத்தை முடிவு செய்யாமலே வீட்டை விட்டு வெளிக்கிடுகிறார்கள். "வந்திட்டு எடு" என்பதுதான் ஏற்பாடு. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது பெரிய வசதி. அது எப்போதும் இருக்கும் என்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடியும் முடக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் மண்சரிந்து, மின்சாரம் போய், போன் தொடர்பும் அறுந்த ஊர்களில் பிள்ளைகள் எங்கே என்று தெரியாமல் தாய்மார் தவித்தார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ஆனால் அதற்கு அழைக்கவும் தொடர்பு வேண்டும்.

அடையாள இடங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஆலடி, புளியடி, வேம்படி என்று மரத்தைச் சொல்லி இடம் காட்டுகிற ஊர்கள் எங்களுடையவை. வீதி அகலிக்கும்போது முதலில் வெட்டுவது அந்த மரத்தைத்தான். சாமுவேல் கிறீன் வைத்தியர் 1848 இல் மானிப்பாயில் தொடங்கிய ஆஸ்பத்திரியை வைத்து வழி சொன்ன தலைமுறை ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்கு அது எங்கே என்று கூகிள்தான் சொல்ல வேண்டும். சித்திரை வருடப்பிறப்பன்று மருதடித் தேருக்கு ஒருவரும் அழைக்காமலே சனம் வந்து சேர்வது இன்னும் மிச்சம் இருக்கும் பெரிய சொத்து. ஆனால் அது வருடத்தில் ஒரு நாள், ஒரு சமயத்தவருக்கு.

ஆகவே வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையிடமும் கிராம அலுவலர்களிடமும் நான் கேட்பது இது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஒரு சந்திப்பிடத்தை அறிவியுங்கள். அது பள்ளிக்கூடமாக இருக்கட்டும். சைவம், கிறிஸ்தவம், சாதி என்று பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளையும் போய் வருகிற இடம் ஊரில் அது ஒன்றுதான். கிணறும் இருக்கும், மலசலகூடமும் இருக்கும், மழைக்கு ஒதுங்க விறாந்தையும் இருக்கும். யுத்த நாளில் கூட்டமாகக் கூடுவது எவ்வளவு ஆபத்து என்பதை நவாலி அறிந்த ஊருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது வெள்ளத்துக்கும் புயலுக்கும் தீக்கும், தொலைந்துபோன பிள்ளைக்கும் முதியவருக்கும். இடத்தோடு நேரமும் வேண்டும். காலை எட்டு மணி, பின்னேரம் ஐந்து மணி என்று இரண்டு நேரம் வைத்தால், இடையில் தண்ணீர் தேடவும் சமைக்கவும் சனத்தால் முடியும். யார் நிற்பது என்பதும் சொல்லப்பட வேண்டும். வயதில் இளையவர் சந்திப்பிடத்தில் நிற்க வேண்டும், மூத்தவர் தேடி வர வேண்டும். அண்ணா அலைந்ததுபோல் இன்னொருவர் அலையக் கூடாது.

இதைச் சுற்றறிக்கையாக அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டால் மட்டும் போதாது. தாளை நான் வாசித்தேன், அடுத்த வீட்டார் வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும்போது சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவிலும் தேவாலயப் பூசை முடிவிலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு நாள் போன்களை வீட்டில் வைத்துவிட்டு ஊரே அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பழக வேண்டும். ஒருவரை ஒருவர் அங்கே கண்ட பிறகுதான் அந்த இடம் மனதில் பதியும்.

எங்கள் வீட்டில் இதைத் தீர்மானித்துவிட்டோம். பள்ளிக்கூடத்துப் பெரிய வாசல், பின்னேரம் ஐந்து மணி, சின்னவர்கள் நிற்பார்கள், நானும் என் மருமகனும் தேடுவோம். பேத்திக்கு ஏழு வயது, ஒப்புவிக்கிறாள். மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் சபை தன் பட்டியலை எழுதி மானிப்பாய்ச் சந்தைச் சுவரில், எல்லோரும் நின்று வாசிக்கும் உயரத்தில், பெரிய எழுத்தில் ஒட்டட்டும்.